மாடு மேய்ந்த நிலம் ஏன் ‘வெற்றுக் காணி’ ஆகிறது? மயிலத்தமடுப் பிணக்கும் மலையகத்தின் காணிக் கதையும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே பிரியும் வீதியை அங்குள்ளவர்கள் ‘பதுளை வீதி’ என்றே அழைக்கிறார்கள். பேராதனையில் தொடங்கும் ஏ-5 நெடுஞ்சாலை நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஊடாக வந்து செங்கலடியில் முடிகிறது. அதே செங்கலடி, ஏறாவூர்ப்பற்று பிரதேச செயலகப் பிரிவில்தான் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைகள் இருக்கின்றன.

அங்கே தமிழ்க் கால்நடைப் பண்ணையாளர்களுக்கும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சோளம் பயிரிடும் சிங்கள விவசாயிகளுக்கும் இடையிலான பிணக்கு பல ஆண்டுகளாகச் செய்தியாகிறது. பெரும்பாலும் அது ‘அத்துமீறல்’ என்றோ ‘இன முறுகல்’ என்றோ இரண்டு வரியில் முடிந்துவிடும். பதுளையிலிருந்து எழுதும் எனக்கு அது வேறு மாதிரியும் தெரிகிறது. மயிலத்தமடுவில் மாட்டுக்காரரை நிலத்திலிருந்து தள்ளும் அதே சட்டக் கண்தான், ஊவாவின் தோட்டத் தொழிலாளியை ஐந்தாறு தலைமுறையாகியும் காணியில்லாதவராக வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கான விளக்கக் கட்டுரை இது.

மயிலத்தமடுவில் நடந்தது

மயிலத்தமடுவும் மாதவனையும் மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பொலன்னறுவை, அம்பாறை மாவட்டங்களை அண்டிய அரச காணிகள். ஏறத்தாழ ஆயிரம் பண்ணையாளர் குடும்பங்கள் இந்தத் தரையை நம்பியிருக்கின்றன. நிர்வாக ரீதியாக இப்பகுதி மகாவலித் திட்டத்தின் ‘பி’ வலயத்துக்குள், மதுறுஓயா வலதுகரையில் வருகிறது.

போர் முடிந்த பின்னர் எல்லை தாண்டிய பயிர்ச்செய்கை பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. 2020இல் அது பெருமளவில் விரிந்தது. அப்போதைய கிழக்கு மாகாண ஆளுநர் அனுராதா யஹம்பத்தினதும் மகாவலி அதிகார சபையினதும் ஆதரவுடனேயே வெளி மாவட்டத்தவர்கள் சோளச் செய்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது பண்ணையாளர்களின் குற்றச்சாட்டு. வந்தவர்கள் தரப்பிலோ, போருக்கு முன்பே தாங்கள் இங்கு பயிர்செய்தவர்கள் என்றும் போரால் விரட்டப்பட்டவர்கள் என்றும் சொல்லப்பட்டது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது.

அதன் பின்னரும் மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன, சுருக்குத் தடங்களிலும் வாய்வெடியிலும் சிக்கி இறந்தன. 2023 ஆகஸ்ட் 22ஆம் திகதி நிலைமையைப் பார்க்கச் சென்ற சர்வமதத் தலைவர்களும் ஊடகவியலாளர்களும் அங்கு பல மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அத்துமீறிப் பயிரிடுவோரை வெளியேற்றுமாறு பணித்தார். நவம்பரில், போராட்டத்துக்கு ஆதரவாக வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஜனாதிபதியின் பணிப்புரைக்குப் பின்னரும் போராட்டம் ஓராண்டைக் கடந்து நீடித்தது.

மாடு ஏன் அங்கே போகிறது?

மேய்ச்சற்தரைப் பிணக்கை விளங்கிக்கொள்ள முதலில் மட்டக்களப்பின் வேளாண்மை நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். மழையை நம்பிய பெரும்போகம் ஒக்டோபர் அளவில் தொடங்கும். படுவான்கரையிலும் எழுவான்கரையை ஒட்டிய வயல்களிலும் நெல் விதைக்கப்பட்டதும் அங்கே மாட்டுக்கு இடமில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே, எந்தத் திகதிக்கு முன் மாடுகளை வயற்பகுதியிலிருந்து அகற்ற வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். அதற்குப் பிறகு வயலில் இறங்கும் மாட்டுக்கு உரிமையாளர்தான் பொறுப்பு.

அப்போதுதான் பட்டிகள் மேற்கே, காட்டோரத் தரைகளுக்குப் போகின்றன. பட்டிக்காரர்கள் வாடி அமைத்துத் தங்கிப் பால் கறப்பார்கள். அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலுக்குத் திரும்பி வைக்கோலையும் அடிக்கட்டையையும் மேயும். அவற்றின் சாணம் வயலுக்கு உரம். வயற்காரரும் மாட்டுக்காரரும் சண்டையில்லாமல் வாழ இந்தப் போக்குவரத்துதான் வழி.

எனவே மயிலத்தமடு ‘மேலதிகமான’ நிலம் அல்ல. பெரும்போகத்தில் சட்டப்படி மாட்டை வெளியேற்றச் சொல்லும் அரசு, வெளியேறிய மாடு போய்ச் சேரும் இடத்தைச் சோளத்துக்கு விட்டால், பண்ணையாளர் மாட்டை எங்கே கொண்டுபோவது? வயலுக்குள் விட்டால் அயலவரோடு பகை, தரைக்குக் கொண்டுபோனால் துப்பாக்கிச் சூடு. மிஞ்சுவது மாட்டை வந்த விலைக்கு விற்பதுதான்.

சோளத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டுச் சோளத்தைப் பெருக்குவது அக்காலத்தில் அரசின் கொள்கை. அந்தச் சோளத்தில் பெரும்பகுதி போவது கோழித் தீவனத்துக்கு. மொனராகலையும் பதுளையும் நாட்டின் முக்கிய சோள மாவட்டங்கள் என்பதால் இங்குள்ளவர்களுக்கு அந்தச் சந்தை நன்றாகத் தெரியும். 2020இல் அம்பாறை மாவட்டத்தின் பொல்லேபெத்த, ரம்பகன் ஓயாப் பகுதியில் மகாவலி அதிகார சபையின் கீழிருந்த காட்டு நிலம் சோளத்துக்காக அழிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் பதுளை மாவட்டம் தம்பானையின் ஆதிவாசிகள் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ. அவர் தமிழர் அல்லர். ஆனால் அவர் மக்கள் பயன்படுத்திய நிலமும் ‘யாருமற்ற நிலம்’ என்றே எடுக்கப்பட்டது.

‘யாருமற்ற நிலம்’ என்ற எண்ணம் பிறந்த இடம்

அந்த எண்ணம் மகாவலி அதிகார சபையோடு பிறந்ததல்ல. 1817–1818இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கியபோது வீடுகளும் பயிர்களும் எரிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன, குளங்கள் பாழாயின. சனம் குறைந்து நிலம் வெறுமையானது.

22 ஆண்டுகள் கழித்து, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, ஆட்கள் குடியிராத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை அரசுக்கே சொந்தம் என்று அது அனுமானித்தது. கண்டிப் பிரதேசத்தில் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவர் சன்னஸ் போன்ற எழுத்தாவணத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கிராமத்தவர்கள் மாடு மேய்த்த பத்தனைப் புல்வெளிகளுக்கும் விறகு பொறுக்கிய காடுகளுக்கும் யாரிடமும் எழுத்து இருக்கவில்லை. அவை முடிக்குரிய காணியாகி, துரைமாருக்குக் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. முன்பு மேய்ந்த இடத்துக்குப் போன கிராமத்து மாடு அத்துமீறிய மாடானது. அதைப் பிடித்துக்கட்டித் தண்டம் அறவிடவும் தோட்டக்காரருக்குச் சட்டம் இருந்தது.

இதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அன்று மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள். அந்த நிலத்தைத் தோட்டமாக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் எங்கள் முன்னோர்கள். நிலத்தை எடுத்தவர்கள் அவர்கள் அல்லர், அதில் ஒரு பேர்ச்சஸ்கூட அவர்களுக்குச் சொந்தமாகவும் இல்லை. ஆனாலும் கிராமத்தின் கோபம் கண்ணுக்குத் தெரிந்த லயத்துக்காரர் மீது விழுந்தது.

கண்டிய விவசாயிகளின் காணியின்மை சுதந்திர இலங்கையில் பெரும் அரசியல் கேள்வியானது. அதை ஆராய அமைந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1951இல் வெளியானது. ஆனால் தோட்டங்களைத் தொடாமல் அந்தக் குறையைத் தீர்க்க அரசு நாடிய வழிகளில் முக்கியமானது, வறண்ட வலயத்தில் குடியேற்றம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் அந்த வழியில் வந்தவை. மலையில் பறிக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கான கடனை அரசு கிழக்கின் மேய்ச்சல் நிலத்தில் கழிக்கத் தொடங்கியது என்று இதைச் சுருக்கலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

எல்லையில் மோதவிடப்பட்ட ஏழைகள்

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் வன்முறைக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்கும் கிழக்குக்கும் போயின. காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்த உதவியது. கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்கள் வன்னி வாசகர்களுக்கு மறக்க முடியாதவை. அங்கு குடியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளின் தாக்குதலில் அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர்களும் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் பலியானார்கள். அந்த நிலத்தில் யாரை வைப்பது என்று தீர்மானித்தவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

மயிலத்தமடுவை உள்ளடக்கிய மதுறுஓயாப் படுகையிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1983 ஜூலை வன்முறைக்குப் பின், அவ்வாண்டின் பிற்பகுதியில், திம்புலாகலை விகாரையின் பிக்கு தலைமையில் பல்லாயிரக்கணக்கான சிங்களவர்கள் மதுறுஓயா வலதுகரைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். வடமுனைப் பகுதியில் மலையகத் தமிழர்கள் குடியேறியிருந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எதிர்ப்பு வலுத்ததும் அரசு அவர்களை அகற்றியது. இந்த முயற்சியில் பங்கெடுத்த மகாவலி அதிகாரி மலிங்க ஹேர்மன் குணரத்ன 1988இல் அதை ஒரு நூலாகவே எழுதினார். அவர் தொழிலால் ஒரு தேயிலைத் தோட்டத்துரை.

ஆக, மயிலத்தமடு 2020இல் திடீரென்று முளைத்த பிணக்கு அல்ல. நிலமற்ற ஒருவரை இன்னொருவர் வாழும் எல்லைக்கு அனுப்புவதும், இருவரும் மோதும்போது நடுவராக வந்து நிற்பதும் இந்த அரசின் பழைய வழக்கம்.

தோட்டக் காணி வழக்கு கிழக்குக்கு வந்த கதை

மாகாண சபைக்குக் காணி அதிகாரம் இருந்தால் இது நடந்திருக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதன் அனுபந்தம் அரச காணி குடியரசுக்கே உரியது என்றும், மாகாணங்களுக்கு இடையிலான நீர்ப்பாசன, காணி அபிவிருத்தித் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பு என்றும் சொன்னது. மகாவலி அந்தக் கதவு வழியாக வருகிறது. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒரு பகுதி வர்த்தமானி மூலம் விசேட பிரதேசமாகிவிட்டால், அங்கே அதிகார சபையின் சொல்தான் ஓங்கும்.

அதே அனுபந்தம், அத்தகைய திட்டங்களில் காணி வழங்கும்போது முதலில் திட்டத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கும், பின் அந்த மாவட்டத்தின் காணியற்றவர்களுக்கும், அதன் பின் மாகாணத்தின் காணியற்றவர்களுக்கும் முன்னுரிமை வேண்டும் என்கிறது. தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஆணைக்குழு இதுவரை அமைக்கப்படவில்லை.

எஞ்சியிருந்த மாகாணக் காணி அதிகாரத்தை மேலும் சுருக்கிய தீர்ப்பு ஒரு தோட்டத்திலிருந்தே வந்தது. இராகலைப் பகுதியின் ஸ்டாஃபோர்ட் தோட்டத்தில் குடியிருந்த ஒருவருக்கு, அரச காணியை மீளக் கைப்பற்றும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளியேறும் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அதை எதிர்த்து அவர் மாகாண மேல் நீதிமன்றம் சென்றார். வழக்கு உயர் நீதிமன்றம்வரை ஏறியது. அரச காணி மாகாண சபைப் பட்டியலுக்குள் அடங்காது, ஆகவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதில் நியாயாதிக்கம் இல்லை என்று 2013 செப்டம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தோட்டவாசியின் வீட்டுக் காணிக்காகத் தொடங்கிய வழக்கின் முடிவு, வடக்கு கிழக்கின் காணி அதிகாரத்தையே பாதித்தது.

அந்த 7ஆம் இலக்கச் சட்டத்தின் இறுக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். அறிவித்தல் பெற்றவர் நீதவான் முன் சொல்லக்கூடிய ஒரே பதில், ‘என்னிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ இருக்கிறது’ என்பதுதான். எத்தனை தலைமுறை வாழ்ந்தீர்கள் என்பது அங்கே கேள்வியே அல்ல.

தோட்டங்களில் பெரும்பாலானோரிடம் அந்தப் பத்திரம் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. 2045வரை குத்தகை ஓடுகிறது. வேலை முடிந்து வந்து கான் ஓரத்திலும் தேயிலை மலையின் விளிம்பிலும் புல்லறுத்து ஒரு பசு வளர்ப்பதற்குக்கூட எங்கள் லயங்களில் தோட்ட நிர்வாகத்தின் முகம் பார்க்க வேண்டியிருக்கும். அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குப் பேசப்பட்டது 7 பேர்ச்சஸ். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர் என்றால், அது ஏக்கரில் ஏறத்தாழ 23இல் ஒரு பங்கு. வீடு கட்டிய பின் அதில் மாட்டுக் கொட்டில் போடவும் இடம் மிஞ்சாது.

வேறு நாடுகளில்

பிரேசிலின் அமேசன் எல்லையில் காட்சி தலைகீழ். அங்கே காட்டை அழித்து மாடு விடும் பெரும் பண்ணை முதலாளிகள் பலசாலிகள். காட்டில் றப்பர்ப் பால் எடுத்து வாழ்ந்தவர்கள் பலவீனர்கள். அவர்களின் தொழிற்சங்கத் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பர் 22ஆம் திகதி ஒரு பண்ணைக் குடும்பத்தினரால் கொல்லப்பட்டார். ஆனால் அவரது இயக்கம் ஒன்றை வென்றது. நிலத்தை வெட்டித் துப்புரவாக்காமல் பயன்படுத்துபவர்களுக்கும் உரிமை உண்டு என்று ஏற்கும் ஒதுக்ககங்கள் 1990 முதல் சட்டபூர்வமாகின. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் மேய்ச்சலையும், மேய்ச்சற் சமூகங்கள் பருவந்தோறும் வந்துபோவதையும் உரிமையாகவே எழுதியிருக்கிறது.

எனவே மாட்டுக்காரர் பக்கமா, பயிர்க்காரர் பக்கமா என்பது எல்லா இடத்துக்கும் பொதுவான கேள்வி அல்ல. அந்த நிலத்தை நம்பி ஏற்கெனவே வாழ்பவர் யார், அந்த வாழ்வைச் சட்டம் காண்கிறதா என்பதே கேள்வி. கலப்பை கீறிய தடம் வான்படத்தில் தெரியும். மாட்டின் குளம்படி ஒரு மழையில் அழிந்துவிடும். வருடத்தில் சில மாதம் வந்துபோகும் பட்டியை, நிலஅளவைப் படம் ‘புதர்க்காடு’ என்றே காட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

இலங்கைச் சட்டத்தில் மேய்ச்சலுக்குச் சொல்லே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியை எவ்வெவற்றுக்கு வகுத்து ஒதுக்கலாம் என்ற பட்டியலில் ‘கிராம மேய்ச்சற்தரை’யையும் சேர்த்திருக்கிறது. ஆகவே கேட்கவேண்டியது புதிய சலுகை அல்ல. இருக்கும் சட்டத்தின்படி எல்லையிட்டு, வரைபடத்தோடு வர்த்தமானியில் அறிவிப்பது. ஜனாதிபதியின் வாய்மொழிப் பணிப்புரை ஆட்சியோடு போய்விடும், வர்த்தமானி அப்படி எளிதில் போகாது.

அதுவரை பண்ணையாளர் சங்கங்கள் தங்கள் பயன்பாட்டுக்கு எழுத்துச் சாட்சியங்களைச் சேர்க்கலாம். மாட்டுக்குச் சுட்ட குறியின் பதிவு, கால்நடை வைத்திய அலுவலகத்தின் தடுப்பூசிப் பதிவுகள், பால் சேகரிப்பு நிலையப் பற்றுச்சீட்டுகள், பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களின் தீர்மானங்கள், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்ட அறிக்கைகள், இறந்த மாடுகளுக்கான பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவை அதில் அடங்கும். எந்தக் காணி யாருக்கு, எந்த அனுமதியில் கொடுக்கப்பட்டது என்பதை மகாவலி அதிகார சபையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். கட்டணப் பற்றுச்சீட்டுகளைக் கோப்பாக்கி வைப்பது தோட்டக் குடும்பங்களுக்கும் பொருந்தும். எந்த லயம், எந்த ஆண்டு, யார் பெயரில் என்ற தோட்டப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

எழுத்து எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை வடக்கு அண்மையில் கண்டது. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. போரில் உறுதிகளை இழந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் அதிர்ந்தார்கள். எதிர்ப்பும் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடையும் வந்த பின்னரே அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் அடியிலும் இருந்தது 1840இன் அனுமானம்தான்: நீ நிரூபிக்கும்வரை இது உன்னுடையதல்ல.

சோளம் விதைக்க வந்த விவசாயியும் அந்த அனுமானத்தின் பலனை நிரந்தரமாக அனுபவிக்கப்போவதில்லை. அவரிடமும் உறுதி இல்லை. நாளை ஒரு கம்பனிக்கு அந்த நிலம் தேவைப்பட்டால் அவரும் அத்துமீறியவராவார். அவருக்குக் காணி வேண்டும் என்பது நியாயம். அதை அவருடைய சொந்த மாவட்டத்தில் கொடுப்பது அரசின் கடமை. அந்தக் கடமைக்கு மட்டக்களப்பு மாட்டுக்காரரின் பெரும்போகத் தரையையோ மலையகத் தொழிலாளியின் லயத்தையோ விலையாகக் கொடுக்க முடியாது.